கடை வாசலில் படுத்திருப்பவரும் நாமும்: சேலம் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செவ்வாய்ப்பேட்டையில் 22 வருடமாகப் பாத்திரக்கடை நடத்துகிறேன். ராத்திரி ஷட்டர் இறங்கியதும் எங்கள் தெரு நடைபாதையில் படுக்க ஆட்கள் வருவார்கள். விடிந்து ஷட்டர் ஏறும்போது சண்டை வரும். நாலைந்து வருடமாக அந்தச் சண்டைக்கு நடுவில் நின்று பேசுகிற வேலை எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. பழைய பஸ் ஸ்டாண்ட், முதல் அக்ரஹாரம், லீ பஜார், ஜங்ஷன் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் போன் செய்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இரவு பத்து மணிக்கு மேல் அந்த இடம் நமக்குத் தேவையில்லை. காலை ஏழுக்கு மேல் அது அவர்களுக்குத் தேவையில்லை. நான் பார்த்த தகராறுகளில் முக்கால்வாசி ஐந்துக்கும் ஏழுக்கும் இடைப்பட்ட நேரத்தில் நடந்தவை. அந்த இரண்டு மணி நேரத்தில் அவர்களுக்குக் கழிப்பறை வேண்டும், மூட்டையை வைக்க ஓர் இடம் வேண்டும். இந்த இரண்டும் கிடைத்துவிட்டால் சண்டைக்குப் பெரிதாகக் காரணம் இருக்காது. கீழே எழுதியிருப்பதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

என் கடை வாசல் எனக்குத்தானே சொந்தம்?

வாசல் என்று வாயில் வருகிறது, பத்திரத்தில் அது இல்லை. எடுத்து நீள அகலம் பாருங்கள், சுவரோடு முடிந்துவிடும். வெளியே இருக்கும் படி, சாக்கடை மேல் போட்ட கல், பைக் ஏற்ற சிமெண்டு பூசிய சரிவு எல்லாம் மாநகராட்சி இடம்.

இதைச் சொன்னால் கோபம் வரும். எனக்கும் வந்தது. சரி, பார்த்துவிடலாம் என்று ஒருநாள் டேப் எடுத்து அளந்தேன். என் கடை முன்னால் நடைபாதை ஆறரை அடி. நான் குடமும் அண்டாவும் அடுக்கியிருந்த ஸ்டாண்டு மூன்று அடியை எடுத்துக்கொண்டிருந்தது. என் பைக் இரண்டு அடி. நடக்கிறவருக்கு மிச்சம் ஒன்றரை அடி. நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஆறடி, தடையில்லாமல் இருக்க வேண்டும் என்கிறது, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் அமைப்பின் வழிகாட்டி. தடையற்ற நடைபாதை அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் சொல்லிவிட்டது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆவது பிரிவுப்படி பொது வழியை மறித்தால் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். படுத்திருப்பவரைத்தான் அந்தப் பிரிவு பிடிக்கும், அண்டா வைத்தவரைப் பிடிக்காது என்று அதில் எங்கும் இல்லை.

ஆகவே, "இது என் இடம், எழுந்திரு" என்று ஆரம்பிக்காதீர்கள். அது உண்மையும் இல்லை, அதைக் கேட்டு யாரும் எழுந்ததும் இல்லை. "கடை திறக்கிற நேரங்க" என்று சொன்னால் எழுந்துவிடுகிறார்கள்.

அப்படியென்றால் அங்கே தூங்குவது அவர்கள் உரிமையா?

அதுவும் இல்லை. இதில் இரண்டு தரப்பும் பாதித் தீர்ப்பைத்தான் சொல்கிறோம். 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் (ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்பார்கள்) உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்றது. வீடற்றவர்களுக்காகப் பேசுபவர்கள் இதை மேற்கோள் காட்டுவார்கள். அதே தீர்ப்பு, நடைபாதை நடப்பதற்கானது, அதை ஆக்கிரமித்துக் குடியிருக்க யாருக்கும் உரிமை இல்லை என்றும் சொன்னது. வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் இந்தப் பாதி மட்டும் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் இன்னொன்றும் இருக்கிறது. அகற்றுவதென்றாலும் முன்னறிவிப்பு கொடுத்து, அவர்கள் தரப்பையும் கேட்டு, நியாயமான முறையில்தான் மாநகராட்சி அகற்ற வேண்டும் என்றது நீதிமன்றம். அந்த அதிகாரம் மாநகராட்சிக்கு உண்டு. உங்களுக்கும் எனக்கும் கிடையாது. ஆளை வைத்துத் துரத்துவதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

யார்தான் இவர்கள்? குடிகாரர்களும் பிச்சைக்காரர்களும்தானே?

பத்து நாள் ராத்திரி பதினோரு மணிக்கு எங்கள் தெருவில் நடந்து பாருங்கள். நான் நடந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

லீ பஜாரில் மூட்டை தூக்குபவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலை மூன்று, நாலு மணிக்கு லாரி வந்து நிற்கும்போது பக்கத்தில் இருந்தால்தான் அவர்களுக்கு வேலை. ஊருக்குப் போய்விட்டுக் காலையில் பஸ் ஏறி வந்தால் அன்றைக்குக் கூலி போச்சு. நம் கடைக்கு வரும் சரக்கையும் அவர்கள்தான் இறக்குகிறார்கள். பகலில் "அண்ணா, இந்தப் பெட்டியைக் கொஞ்சம் பிடிங்க" என்று யாரைக் கூப்பிடுகிறோமோ, காலையில் அவரையேதான் "டேய் எழுந்திரு" என்கிறோம். இது என்னை ரொம்ப நாள் உறுத்தியது.

முகூர்த்த மாதங்களில் கல்யாண வீட்டுச் சமையலுக்கும் பந்திக்கும் போகும் ஆட்கள் வருவார்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை முடிகிறவரை அவர்களுக்கு வேலை குறைவு, கையில் காசிருக்காது. பழைய பேப்பரும் அட்டையும் பொறுக்குபவர்கள் உண்டு. அட்டை மேலேயே படுத்து, காலையில் அந்த அட்டையையே பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவார்கள். பெரியாஸ்பத்திரியில் உறவினரைச் சேர்த்துவிட்டு, வார்டில் இரண்டாவது ஆளுக்கு இடமில்லாமல் வெளியே படுப்பவர்கள் தனி. தர்மபுரி, நாமக்கல், கள்ளக்குறிச்சியிலிருந்து வந்திருப்பார்கள். அவர்களுக்கு ஊரில் வீடு இருக்கிறது, ஒரு வாரத்தில் போய்விடுவார்கள். பிள்ளைகள் கைவிட்ட பெரியவர்கள் இருக்கிறார்கள். மனநலம் கெட்டு எங்கிருந்தோ ரயிலேறி ஜங்ஷனில் இறங்கியவர்களும் இருக்கிறார்கள்.

குடிப்பவர்களும் இருக்கிறார்கள். மறைக்கவில்லை. ஆனால் மேலே சொன்ன அத்தனை பேரையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் யாருக்கு என்ன செய்வது என்று தெரியாமலே போய்விடும். மூட்டை தூக்குபவருக்கு வேண்டியது வேறு, மனநலம் பாதித்தவருக்கு வேண்டியது வேறு.

ஷட்டர் திறக்கப் போகும்போது ஆள் படுத்திருக்கிறார். எப்படி எழுப்புவது?

என் தப்பைச் சொல்லிவிட்டு இதற்குப் பதில் சொல்கிறேன்.

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால், ஒரு மார்கழி மாதம். சேர்வராயன் மலையடிவாரத்து ஊர், அந்த நேரத்துப் பனி எப்படி இருக்கும் என்று சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். காலை ஐந்தரை மணி. வாசல் தெளிக்க வாளியில் தண்ணீரோடு வந்தேன். படியை ஒட்டி ஒரு தாத்தா படுத்திருந்தார். இரண்டு தடவை கூப்பிட்டேன், எழுந்திருக்கவில்லை. தண்ணீரை அப்படியே அவர் பக்கமாக வீசித் தெளித்தேன். பதறி எழுந்தார். அவர் சாக்கு மூட்டையை நான் காலால் ரோட்டுப் பக்கம் தள்ளினேன். அது சாக்கடையில் சரிந்தது.

அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சாக்கடை ஓரம் உட்கார்ந்து கையை விட்டுத் துழாவினார். ஒரு கோணி ஊசி கிடைத்தது, சணல் சுற்றிய கட்டையும் கிடைத்தது. லீ பஜாரில் கிழிந்த சாக்கு தைப்பதுதான் அவருக்கு வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்த சர்க்கரை மாத்திரையும் ஆஸ்பத்திரிச் சீட்டும் கிடைக்கவில்லை. சீட்டு இல்லாததால் மாத்திரை வாங்கப் போகாமலே இருந்திருக்கிறார். நாலாவது நாள் காலில் புண்ணோடு நடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். நான்தான் ஆட்டோ வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு விரல் போயிற்று. விரல் போனதற்கு நான் மட்டுமே காரணம் இல்லை, புண் முன்னாலேயே இருந்தது என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் அந்த வாளி என் கையில்தான் இருந்தது.

இப்போது எங்கள் தெருவில் இப்படிச் செய்கிறோம். முந்தைய நாள் ராத்திரி கடை சாத்தும்போதே "தாத்தா, காலையில ஆறு மணிக்குத் திறப்பேன்" என்று சொல்லிவிடுகிறோம். காலையில் ஷட்டரைத் தட்டிச் சத்தம் கொடுக்கிறோம், ஆள் மேல் கை வைப்பதில்லை. தூக்கத்தில் ஒருவரைத் தொட்டால் அடிக்கத்தான் வருவார். ராத்திரியெல்லாம் யாராவது உதைப்பார்களோ, பையைத் திருடுவார்களோ என்று பாதிக் கண்ணோடு படுத்திருப்பவர்கள் அவர்கள். எழுந்ததும் பத்து நிமிடம் கொடுக்கிறோம். மூட்டையை நாம் தொடுவதில்லை. அதில் ஆதார் இருக்கலாம், மாத்திரை இருக்கலாம், அது போனால் மறுபடி வாங்க மூன்று மாதம் அலைய வேண்டும். அப்புறம்தான் வாசல் தெளிப்பதெல்லாம்.

அசைவே இல்லை, மூச்சு சரியில்லை என்று பட்டால் உடனே 108. "குடித்துவிட்டுக் கிடக்கிறான்" என்று நாம் நினைக்கும் ஆளுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கலாம், வலிப்பு வந்திருக்கலாம்.

போணி ஆவதற்கு முன்னால் இவர்கள் முகத்தில் விழித்தால் வியாபாரம் படுக்கிறதே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களைப் பார்த்து நான் சிரிப்பதில்லை. என் அப்பாவும் போணிக்கு முன்னால் காசு வெளியே கொடுக்க மாட்டார். நம்பிக்கை அவரவருக்கு. ஆனால் காலை எட்டரைக்குத்தான் எனக்குப் போணி. அவர்கள் ஆறு மணிக்கே எழுந்து போய்விடுகிறார்கள். தை மாதமானாலும் ஆடி மாதமானாலும் என் கணக்கு நோட்டில் ஏறுவதும் இறங்குவதும் முகூர்த்தத்தைப் பொறுத்துத்தான் இருக்கிறது. போணிக்கு முன் பிச்சை கொடுக்கப் பிடிக்கவில்லையா, கொடுக்க வேண்டாம். அதற்காகத் திட்டவும் வேண்டாம்.

மூத்திர நாற்றம் தாங்கவில்லை. இதற்கு என்ன செய்வது?

நியாயமான புகார். இதைப் பேசத் தயங்குபவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. ஷட்டர் ஓரம் போய்வைத்திருப்பதைக் கழுவிவிட்டு, பத்தி கொளுத்தி, அரை மணி நேரம் கழித்துத்தான் கல்லாவில் உட்கார முடியும் என்றால் யாருக்கும் ஆத்திரம் வரும். கடையில் வேலை செய்யும் பெண்கள்தான் பெரும்பாலும் அதைக் கழுவுகிறார்கள், அது இன்னும் மோசம்.

ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு எங்கே போவார்கள் என்று நீங்களே ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டு வரை நடக்க வேண்டும், போனாலும் காசு. வயதான பெண் ஒருவர் என்னிடம் சொன்னார், "சாயங்காலத்துக்கு மேல தண்ணியே குடிக்க மாட்டேன் தம்பி." சேலம் வெயிலில் நாளெல்லாம் குப்பை பொறுக்கிவிட்டு, தண்ணீர் குடிக்காமல் படுக்கிறார். சுவரில் சாமி படம் ஒட்டுவதும், பினாயில் ஊற்றுவதும் ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்கு நாற்றத்தை நகர்த்தும், அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் 14 கடைகள். பக்கத்துக் கட்டணக் கழிப்பறையை நடத்துபவரோடு பேசினோம். கடைக்கு மாதம் 150 ரூபாய், மொத்தம் 2,100. ராத்திரி ஒரு விளக்கு எரியும், கதவு பூட்டாது, எங்கள் தெருவில் படுப்பவர்களிடம் காசு கேட்கக் கூடாது. முதல் மாதம் மூன்று கடைக்காரர்கள் தரவில்லை. நாற்றம் குறைந்ததும் இரண்டு பேர் தந்தார்கள். ஒருவர் இன்னும் தருவதில்லை, பரவாயில்லை. இது மாநகராட்சி செய்ய வேண்டிய வேலை. அதையும் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம், கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை மூக்கைப் பிடித்துக்கொண்டு இருக்க எனக்கு விருப்பமில்லை.

மூட்டைகளைப் பகலிலும் நடைபாதையிலேயே வைத்துவிட்டுப் போகிறார்களே?

வேறு எங்கே வைப்பார்கள்? தூக்கிக்கொண்டே வேலைக்குப் போக முடியாது. எங்கள் தெருவில் ஒரு ஜவுளிக் கடைக்காரர் தன் மாடிப்படிக்குக் கீழே இருந்த இடத்தைக் கொடுத்தார். பழைய இரும்பு அலமாரி ஒன்றைப் போட்டோம். காலை ஏழு மணிக்குள் வைக்க வேண்டும், இரவு ஒன்பதுக்கு எடுத்துக்கொள்ளலாம். எரியும் பொருளோ பாட்டிலோ வைக்கக் கூடாது. இதைச் செய்ததற்குப் பிறகு, "எழுந்து போ" என்று சொல்ல வேண்டிய நாட்களே குறைந்துவிட்டன. மூட்டைக்கு இடம் இருந்தால் ஆள் தானாக எழுந்து போகிறார். இத்தனை வருடத்தில் நாங்கள் செய்ததில் மிகக் குறைந்த செலவும் மிகப் பெரிய பலனும் இதற்குத்தான்.

கம்பி முனை பதித்துவிட்டால், படியைச் சரிவாகப் பூசிவிட்டால் படுக்க மாட்டார்கள் அல்லவா?

படுக்க மாட்டார்கள், பக்கத்துக் கடையில் படுப்பார்கள். அவர் உங்களோடு சண்டைக்கு வருவார்.

எனக்கு இதில் வேறொரு வருத்தம் உண்டு. செவ்வாய்ப்பேட்டையில் பழைய வீடுகள் இன்னும் ஒன்றிரண்டு நிற்கின்றன, திண்ணையைப் பாருங்கள். தலை வைக்க வசதியாக ஒரு பக்கம் சாய்வாகத் தூக்கிக் கட்டியிருப்பார்கள். யாரோ வழிப்போக்கன் படுத்துக்கொள்ளட்டும் என்று கொத்தனாரிடம் சொல்லிக் கட்டியது அது. என் தாத்தா கடை வைத்த வீட்டிலும் அப்படி ஒரு திண்ணை இருந்தது, என் அப்பா காலத்தில் ஷட்டர் போடுவதற்காக இடித்தோம். இடித்த இடத்தில் கம்பி முனை வைக்க எனக்கு மனம் வரவில்லை. தவிர, அந்த முனையில் இடறி விழுவது பகலில் வரும் நம் வாடிக்கையாளரின் குழந்தையாகவும் இருக்கலாம்.

காப்பகம் இருக்கிறதே, ஏன் போக மாட்டேன் என்கிறார்கள்?

நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் 2013இல் வந்த திட்டம் இது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் ஒரு காப்பகம், ஆளுக்கு 50 சதுர அடி, வருடம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. 2011 கணக்கெடுப்பிலேயே சேலம் மாநகராட்சியில் எட்டு லட்சத்துக்கு மேல் மக்கள். விதிப்படி எட்டுக் காப்பகங்கள் வேண்டும். உங்கள் வார்டு கவுன்சிலரிடம், மண்டல அலுவலகத்தில், இந்த எண்ணிக்கையைச் சொல்லிக் கேளுங்கள். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று நாலு மண்டலம் இருக்கிறது, எந்த மண்டலத்தில் எத்தனை படுக்கை என்று எழுதிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். நடைபாதையில் படுப்பவரைவிட அதை உரக்கக் கேட்க வேண்டியது நாம்தான், ஏனென்றால் வரி கட்டும் கடைக்காரர் கேட்டால் காது கொடுப்பார்கள்.

போக மறுப்பதற்குக் காரணம் கேட்டிருக்கிறேன். மூன்று மணிக்கு லாரி வரும், காப்பகம் தூரம். புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம் படுக்க வேண்டும். மூட்டையைக் களவு கொடுத்த அனுபவம். கூடவே சுற்றும் நாயை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றவர் ஒருவர். குடித்திருந்தால் சேர்க்க மாட்டார்கள். இருமல் பிடித்தவர் பக்கத்தில் படுக்கப் பயம். ஒரு தடவை வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே இறக்கிவிட்டார்கள், அதிலிருந்து எந்த வேனிலும் ஏற மாட்டேன் என்று ஒரு பெரியம்மா சொன்னார். வேன் யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அங்கே போ" என்று கையை நீட்டினால் யாரும் போக மாட்டார்கள். கூட நடந்து போய், இடத்தைக் காட்டி, பிடிக்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடலாம் என்று சொன்னால் போவார்கள். நான் கூட்டிப்போன ஏழு பேரில் நாலு பேர் தங்கினார்கள். மூன்று பேர் மறுநாளே தெருவுக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் கோடை மழைக்கு அப்புறம் தானாகவே போனார்.

போலீஸைக் கூப்பிடலாமா?

அடிதடி, திருட்டு, பெண்களிடம் வம்பு, கத்தி என்றால் யோசிக்காமல் 112. வீடில்லாதவர் செய்தாலும் கடைக்காரர் செய்தாலும் குற்றம் குற்றம்தான். படுத்திருக்கிறார் என்பதற்காக மட்டும் கூப்பிடாதீர்கள். ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ராத்திரி அனுப்பிவிடுவார்கள், மறுநாள் அவர் உங்கள் மேல் கோபத்தோடு அதே படியில் இருப்பார்.

1945ஆம் வருடத்துப் பிச்சைத் தடுப்புச் சட்டம் ஒன்று நம் மாநிலத்தில் இருப்பதைச் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அது பிச்சை எடுப்பதைப் பற்றியது. கூலி வேலை செய்துவிட்டுப் படுத்திருப்பவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டெல்லியில் நடைமுறையில் இருந்த இதே மாதிரியான பம்பாய்ச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் ரத்து செய்தது. வழியில்லாமல் கையேந்துபவனைக் குற்றவாளியாக்குவது சரியில்லை என்பதுதான் அங்கே நடந்த வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

மனநலம் பாதித்தவர் கடை முன்னாலேயே நிற்கிறார், கத்துகிறார். பயமாக இருக்கிறது.

இங்கே போலீஸுக்குச் சட்டப்படியே கடமை இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் மனநோயோடு தெருவில் அலைபவரை ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது. வீடில்லாதவர் என்றால் காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டும். ஸ்டேஷனில் "இதெல்லாம் எங்க வேலை இல்லை" என்றால் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். நான் சொல்லியிருக்கிறேன், உடனே நாற்காலி போட்டார்கள். நம் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

அவரோடு வாக்குவாதம் செய்யாதீர்கள், சுற்றி நிற்காதீர்கள், போனில் படம் எடுக்காதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரைக் கையெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு நகர்ந்து நில்லுங்கள்.

குழந்தையோடு பெண் படுத்திருந்தால்?

குழந்தைக்கு 1098, பெண்ணுக்கு 181. அன்றைக்கு ராத்திரியே. காலையில் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

பிள்ளைகள் விட்டுவிட்டுப் போன பெரியவர் என்றால்?

14567 முதியோர் உதவி எண். 2007ஆம் வருடத்துச் சட்டப்படி பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜீவனாம்சம் கேட்டு வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்டிஓ) மனு கொடுக்கலாம். ஆனால் பெரியவரைக் கேட்காமல் மகனுக்குப் போன் போட்டுவிடாதீர்கள். நான் ஒரு தடவை போட்டேன். மகன் வந்தார், அழுதார், கூட்டிப்போனார். பதினெட்டு நாளில் பெரியவர் முதுகில் தழும்போடு திரும்பி வந்தார்.

சாப்பாடு கொடுக்கலாமா?

கொடுங்கள். கடை முன்னால் வரிசை நிற்க வைத்துக் கொடுக்காதீர்கள், இலையும் கவரும் சேர்ந்து அடுத்த சண்டை அங்கே ஆரம்பிக்கும். அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். முடிந்தால் அங்கே வாங்கிக்கொள்ளக் காசாகக் கொடுங்கள், உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிறந்தநாளுக்கு ஒரே நாளில் நூறு பொட்டலம் கொடுப்பவர்கள் அதை மாதம் முழுக்கப் பிரித்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

நடைபாதையில் கடை போட்டிருப்பவர்களும் இதே கணக்கா?

இல்லை. பூக்காரம்மாவுக்கும் மாம்பழ வண்டிக்கும் 2014இல் வந்த சாலையோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு, அடையாள அட்டை, நகர விற்பனைக் குழு எல்லாம் அதில் வரும். தீபாவளி நேரத்தில் தற்காலிகக் கடை போடுபவர்கள் ராத்திரியும் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், படுப்பவர்கள் எங்கள் தெருவிலிருந்து துரத்தப்படுகிறார்கள். அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

முகவரியே இல்லாதவருக்கு ஓட்டு இருக்கிறதாமே, உண்மையா?

உண்மைதான். வீடில்லாதவரும் படிவம் 6 கொடுத்து வாக்காளர் பட்டியலில் சேரலாம். முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக, தூங்குவதாகச் சொன்ன இடத்துக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்ப்பார். ஒரு ராத்திரி மட்டும் வந்து பார்த்தால் போதாது, அடுத்தடுத்தும் வர வேண்டும்.

சாக்கு தைக்கும் தாத்தா இப்படித்தான் மனு கொடுத்தார். எழுதிக் கொடுத்தது என் மகள். தூங்கும் இடம் என்ற இடத்தில் என் கடை எண்ணைப் போட்டு, "எதிரே உள்ள நடைபாதை" என்று எழுதினாள். பத்தரை மணி இருக்கும், நான் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தேன். ஓர் அம்மா கையில் பேப்பரோடு டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். தாத்தா அட்டையை விரித்து, தலைமாட்டில் சாக்கைச் சுருட்டி வைத்துவிட்டு, படுக்காமல் நேராக உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானெல்லாம் போட்டிருந்தார். அந்த அம்மா பேப்பரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அப்புறம் என் பக்கம் திரும்பி, "இவர் இங்கேதான் இருக்காருங்களா?" என்றார்.

"ஆமாங்க. ஏழு வருஷமா இங்கேதான் தூங்குறார்" என்றேன்.

மறுநாள் ராத்திரியும் வந்தார். தாத்தா தூங்கிப்போயிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, டார்ச்சை அணைத்து, பேப்பரில் ஏதோ குறித்துக்கொண்டு போனார்.